உதுமானிய மருத்துவமனைப் பதிவேடுகள்: இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஏடுதேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உதுமானியப் பேரரசின் கடைசி எழுபது, எண்பது ஆண்டுகளில் மருத்துவமனைகள் எப்படி நடந்தன என்று வாசித்து வருகிறேன். நம் வரலாற்று இழைகளில் துருக்கிப் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை. போனாலும் சுல்தான், அந்தப்புரம், கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகை என்று நின்றுவிடுகிறோம். அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பிரெஞ்சில் வந்த அச்சு ஏடுகளின் ஸ்கேன்கள். கிரிமியப் போர் முடியும் சமயத்தில், 1856இல், இஸ்தான்புல் மருத்துவர்கள் ஒரு சங்கம் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து பிரெஞ்சில் ஒரு மருத்துவ இதழ் நடத்தினார்கள். மருத்துவமனைக் கணக்குகள் அதில் வரும். அப்புறம், இஸ்தான்புல்லின் ஷிஷ்லி பகுதியில் 1899இல் திறக்கப்பட்ட ஹமீதியே குழந்தைகள் மருத்துவமனையின் ஆண்டு மலர்கள். சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீதின் மகள் ஹதீஜே பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயில் இறந்துபோனாள். அந்தத் துக்கத்தில் கட்டியது அது. இன்றும் ஷிஷ்லி எத்ஃபால் என்ற பெயரில் நடக்கிறது.

அந்த ஆண்டு மலரைப் புரட்டினால் அசந்துபோவீர்கள். எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள், எத்தனை அறுவை, எத்தனை பேர் குணமாகிப் போனார்கள் என்று வரிசை வரிசையாக அட்டவணைகள். வார்டுகளின் படங்கள், கருவிகளின் படங்கள். அறுவை முடிந்த பிள்ளைகளை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் படமெடுத்து யில்திஸ் அரண்மனைக்கே அனுப்பியிருக்கிறார்கள். சுல்தான் நேரில் வர மாட்டார், ஆல்பத்தில் பார்ப்பார்.

எனக்கு இடிப்பது இந்த இடத்தில்தான். ஆல்பத்தில் வந்த பிள்ளை குணமான பிள்ளை. மலருக்குப் பணம் கொடுப்பவர் சுல்தான். வாசிப்பவர்கள் இஸ்தான்புல்லிலும் ஐரோப்பாவிலும் இருந்த மருத்துவர்கள், தூதர்கள். இப்படி அச்சான கணக்கை எடுத்துக்கொண்டு 'அன்றைய இஸ்தான்புல்லில் குழந்தைகளுக்கு இன்ன நோய் இவ்வளவு' என்று சிலர் கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

பெரியவர்கள் மருத்துவமனைகளிலும் இதே சிக்கல் உண்டு. அன்றைக்குக் குடும்பம் உள்ள ஒருவர் நோய் வந்தால் வீட்டில்தான் படுப்பார். வைத்தியர் வீட்டுக்கு வருவார். மருத்துவமனையில் படுத்தவர்கள் சிப்பாய்கள், கைதிகள், ஊரை விட்டுப் பிழைக்க வந்து சத்திரங்களில் தங்கிய சுமைகூலிகளும் படகுக்காரர்களும், போக்கிடம் இல்லாத ஏழைகள். சுல்தான் அப்துல்மஜீதின் தாயார் பெஸ்மியாலெம் 1840களில் வக்ஃப் எழுதிவைத்துக் கட்டிய குரெபா மருத்துவமனை இப்படிப்பட்ட ஏழை முஸ்லிம்களுக்காகவே வந்தது. அங்கே காசநோய் அதிகம் என்று பதிவேடு சொன்னால், சத்திரத்து ஒற்றை அறையில் பத்துப் பேராகப் படுத்தவர்களிடம் காசநோய் அதிகம் என்றுதான் அர்த்தம். ஊரில் அதிகமா என்பது வேறு கேள்வி.

சரி, என் பக்கத்தைச் சொல்லிவிட்டேன். அரசு யாரை எண்ண நினைத்ததோ அவர்கள்தான் இந்த ஏடுகளில் இருக்கிறார்கள். மறுப்பவர்கள் வாருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

ஏடுதேடி, நானும் உங்கள் கட்சிதான், ஆனால் காரணம் வேறு. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் எப்படித் தயாராகிறது என்று கண்ணால் பார்ப்பவன்.

அந்தக் கால உதுமானிய மாதக் கணக்கில் வழக்கமாக இந்தப் பத்திகள் இருக்கும்: சென்ற மாதத்திலிருந்து மீதி இருப்பவர், புதிதாகச் சேர்ந்தவர், ஷிஃபா பெற்றவர் (குணமானவர்), வஃபாத் ஆனவர் (இறந்தவர்), இப்போது மீதி. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இறப்பு விகிதத்தை எதை வைத்து வகுத்தார்கள் என்று பாருங்கள். கற்பனையாக ஒரு மாதம் எடுத்துக்கொள்வோம். மீதி 80 பேர், புதிதாக 120 பேர், மொத்தம் 200. குணமாகிப் போனவர் 100, இறந்தவர் 20, மீதி 80. மொத்தத்தால் வகுத்தால் இறப்பு 10 சதவீதம். முடிவு தெரிந்த 120 பேரால் வகுத்தால் கிட்டத்தட்ட 17. இன்னும் படுக்கையில் கிடக்கும் 80 பேரில் சாகப்போகிறவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் அடுத்த மாதக் கணக்கு. அதோடு மீதி ஆட்கள் ஒவ்வொரு மாதமும் திரும்ப எண்ணப்படுகிறார்கள். பன்னிரண்டு மாத மொத்தங்களைக் கூட்டி 'ஆண்டில் இத்தனை நோயாளிகள்' என்று எழுதினால் ஒரே ஆள் மூன்று தடவை வந்துவிடுவார். யாரும் பொய் சொல்லவே வேண்டாம், கணக்கு தானாகவே அழகாகிவிடும்.

ராணுவ மருத்துவமனைகளில் இன்னொரு பத்தி உண்டு: 'தெப்தீலி ஹவா'. காற்று மாற்றத்துக்காக விடுப்பு. நாள்பட்ட காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ உள்ள சிப்பாயை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டில் காலியாகும். அவர் வழியில் செத்தாலும், வீட்டில் போய்ச் செத்தாலும் மருத்துவமனைக் கணக்கில் வராது. போதாததற்கு நோயையும் ஊருக்குக் கொண்டுபோவார். முதல் உலகப் போரில் அனத்தோலியக் கிராமங்களுக்கு டைபஸ் (பேன் வழியாகப் பரவும் காய்ச்சல், டைபாய்டு வேறு) போய்ச் சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. இந்தப் பத்தியைத் தனியாகப் பார்க்காமல் ராணுவ மருத்துவமனையின் இறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்று யாராவது மகிழ்ந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நோயின் பெயர் அடுத்த தொல்லை. 'ஹும்மா' என்று எழுதியிருந்தால் காய்ச்சல், அவ்வளவுதான். மலேரியாவா, டைபாய்டா, டைபஸா? புள்ளிக் காய்ச்சல் என்று தனியே எழுதியிருந்தால் டைபஸ் என்று ஊகிக்கலாம். 1893இல் காலரா வந்தபோது பாரிஸிலிருந்து ஷாந்தெமெஸ் என்ற கிருமியியல் நிபுணரை வரவழைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக மோரிஸ் நிக்கோல் தலைமையில் பாக்டீரியா ஆய்வகம் அமைந்தது. (மாட்டு வெக்கை நோய் வடிகட்டியிலும் நிற்காத நுண்கிருமியால் வருவது என்று நிக்கோலும் ஆதில் பேயும் 1902இல் காட்டியது அங்கே செய்த வேலைதான். கால்நடை மருத்துவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.) அந்த ஆய்வகம் வருவதற்கு முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'இது காலராதான்' என்று சொல்ல இஸ்தான்புல்லில் முறையான ஏற்பாடே இல்லை. துறைமுக ஊரில் காலரா என்று எழுதினால் கப்பல் நிற்கும், வியாபாரம் படுக்கும். முதல் நாலு நோயாளிகளை வயிற்றுப்போக்கு என்று எழுதிவிடும் ஆசை எந்த ஊர் அதிகாரிக்கும் வரும்.

பொடிமட்டை எழுதியது:

இரண்டு பேரும் சேர்ந்து எல்லா ஏட்டையும் எடைக்குப் போட்டுவிடுவீர்கள் போலிருக்கிறது. ஸ்குதாரியில் (இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதி) ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதே மாதிரிக் கணக்கை வைத்துத்தானே உலகத்தையே மாற்றினார்? எதிர்னே என்ற ஊரில் மனநோயாளிகளுக்கு இசை கேட்கவைத்துக் குணப்படுத்தினார்கள் என்று ஏகப்பட்ட வீடியோ வருகிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாமே.

ஏடுதேடி எழுதியது:

பொடிமட்டை, நைட்டிங்கேல் இருந்த கட்டடம்தான் உதுமானியருடையது. செலிமியே படைமுகாமை பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்திருந்தார்கள். நோயாளிகள், மருத்துவர்கள், கணக்கு எல்லாம் பிரிட்டிஷ். 1855 பிப்ரவரியில் அங்கே இறப்பு நூற்றுக்கு 42 வரை ஏறியது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைத் தோண்டி, காற்றோட்டம் செய்த பிறகு இறங்கியது. நல்ல கதைதான், ஆனால் இந்த இழைக்கு உறவில்லாதது.

எதிர்னே கதை சுல்தான் இரண்டாம் பாயஸீது 1488இல் கட்டிய மருத்துவமனையைப் பற்றியது. இசைக் குழுவைப் பற்றி எழுதிய பயணி எவ்லியா செலெபி 17ஆம் நூற்றாண்டுக்காரர். நாம் பேசும் காலத்துக்கு வந்தால் படம் வேறு. இஸ்தான்புல் சுலைமானியே பைத்திய இல்லத்தில் நோயாளிகளுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். இத்தாலிய மருத்துவர் லூயிஜி மோங்கேரி அதைக் கழற்றவைத்தார். 1873இல் அந்த இல்லத்தை உஸ்குதாரில் தொப்தாஷிக்கு மாற்றினார்கள். மோங்கேரி எழுதிய புள்ளிவிவரங்கள் பிரெஞ்சில் கிடைக்கின்றன. வாசித்தால் இசையைப் பற்றி ஒன்றும் இல்லை. கூட்டம், இடநெருக்கடி, போலீஸ் கொண்டுவந்து விட்டவர்கள், இவைதான். வீடியோக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டையும் 19ஆம் நூற்றாண்டையும் ஒரே சட்டியில் கிண்டிவிடுகிறார்கள்.

நாட்காட்டிப்பித்தன் எழுதியது:

யாரும் தேதியைப் பற்றிப் பேசாததால் நான் வருகிறேன். அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான்.

மருத்துவமனை ஏடுகளில் இரண்டு ஆண்டுக் கணக்கு வரும். ஒன்று ஹிஜ்ரி. இன்னொன்று மாலி அல்லது ரூமி ஆண்டு. அரசுப் பணம் சம்பந்தப்பட்டதெல்லாம் ரூமியில்தான். ரூமி ஆண்டு மார்ச் 1 அன்று பிறக்கும். மாதங்கள் ஜூலியன் கணக்கு. அதனால் மார்ச் முதல் டிசம்பர் வரை ஆண்டோடு 584 கூட்ட வேண்டும், ஜனவரியும் பிப்ரவரியும் என்றால் 585. நாளோடு 19ஆம் நூற்றாண்டில் 12 கூட்ட வேண்டும், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13. சோதித்துப் பார்க்க நல்ல தேதி ஒன்று உண்டு: இளந்துருக்கியர் புரட்சி 1324 தெம்மூஸ் 10. தெம்மூஸ் என்பது ஜூலை. கூட்டினால் 1908 ஜூலை 23. சரியாக வரும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், குளிர்கால நோய்கள். நெஞ்சு நோயும் டைபஸும் உச்சத்துக்குப் போவது ஜனவரி, பிப்ரவரியில். அந்த இரண்டு மாதமும் ரூமி ஆண்டின் வாலில் இருக்கின்றன. ஆண்டை மட்டும் மாற்றி 1310 என்றால் 1894 என்று மொத்தமாக எழுதினால், 1895 தொடக்கத்தில் செத்தவர்களையும் 1894இல் கொன்றுவிடுவீர்கள்.

இன்னும் மோசம் போர்க்காலம். 1917இல் நாட்களை ஐரோப்பிய நாட்காட்டியோடு ஒட்டவைத்தார்கள். 1332 பிப்ரவரி 15க்கு மறுநாளே 1333 மார்ச் 1. பதின்மூன்று நாள் காணாமல் போனது. அதோடு விடவில்லை. 1918 ஜனவரி முதல் நாளையே 1334இன் முதல் நாளாக வைத்தார்கள். ஆக 1333ஆம் ஆண்டுக்குப் பத்தே மாதம். ஜனவரியும் பிப்ரவரியும் அந்த ஆண்டில் கிடையவே கிடையாது. ஏதாவது மருத்துவமனையின் கணக்கில் 1333இல் இறப்பு சட்டென்று குறைந்திருந்தால், மருத்துவர்களைப் பாராட்டுவதற்கு முன்னால் மாதத்தை எண்ணுங்கள்.

நேரமும் அப்படித்தான். அலாதுர்க்கா கடிகாரத்தில் சூரியன் மறையும்போது மணி 12. அதோடு நாள் மாறிவிடும். 'இரவு 3 மணிக்குச் சேர்க்கப்பட்டார்' என்று இருந்தால் பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது என்று பொருள். நள்ளிரவு தாண்டி அவசரமாகத் தூக்கி வந்த காட்சியை நாமாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

இரவுப்பணி எழுதியது:

பத்து மாத ஆண்டு! இது எனக்குத் தெரியாது. போர்க்காலக் கணக்கை வாசிக்கிற எல்லோருக்கும் இதை முதல் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.

காயல்காற்று எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் கொள்ளுப்பாட்டனார் பம்பாய் போய்க் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். வழியில் கமரான் என்ற தீவில் இறக்கி அடைத்து வைத்தார்களாம். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, கூட வந்த ஒருவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். அது துருக்கி ஆட்சி நடத்திய இடம்தானே? அங்கே பதிவேடு இருந்திருக்குமா? பெயர் கிடைக்குமா?

ஏடுதேடி எழுதியது:

வாருங்கள் காயல்காற்று பாய். நீங்கள் கேட்டது இந்த இழையின் மையமான விஷயம்.

1865இல் மக்காவில் காலரா. கூடியிருந்த 90,000 ஹாஜிகளில் 15,000 பேர் இறந்திருக்கலாம் என்பது அந்தக் கால மதிப்பீடு. நீராவிக் கப்பல் வந்துவிட்டதால் நோய் சில வாரங்களில் எகிப்து, இஸ்தான்புல், ஐரோப்பா என்று பரவியது. மறு ஆண்டே இஸ்தான்புல்லில் சர்வதேசச் சுகாதார மாநாடு கூட்டினார்கள். காலரா இந்தியாவிலிருந்து வருகிறது என்று அங்கே முடிவு கட்டினார்கள். அதன் பாரம் இந்திய ஹாஜிகள் தலையில் இறங்கியது. செங்கடலின் தெற்கு வாயிலுக்குக் கொஞ்சம் உள்ளே, ஏமன் கரையை ஒட்டி இருக்கிற கமரான் தீவில் 1882இல் தடுப்புக்காவல் நிலையம் திறந்தார்கள். இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வரும் கப்பல்கள் ஜித்தாவுக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். ஓலைக் குடிசைகளில் தங்கல். துணிமணியை ஆவியில் வேகவைப்பார்கள். கட்டணமும் ஹாஜிகளிடமே வசூல். தண்ணீரைப் பற்றியும் அங்கே விற்ற பண்டங்களின் விலையைப் பற்றியும் புகார் ஓயவே இல்லை. உங்கள் வீட்டில் சொல்வது அதோடு நன்றாகப் பொருந்துகிறது.

நடத்தியது இஸ்தான்புல்லில் இருந்த உயர் சுகாதாரக் குழு. 1838இல் இரண்டாம் மஹ்மூது தொடங்கியது. ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகளும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நடவடிக்கைக் குறிப்பு பிரெஞ்சில். ஆகவே கமரான் கணக்கு இஸ்தான்புல் காப்பகத்தில் மட்டும் இல்லை. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள்.

ஆனால் ஆள் பெயரை எதிர்பார்க்காதீர்கள். அறிக்கைகளில் வருவது கப்பல் பெயர், புறப்பட்ட துறைமுகம், ஏறியவர் எண்ணிக்கை, வழியில் இறந்தவர் எண்ணிக்கை. கொள்ளுப்பாட்டனார் போன ஆண்டும் கப்பல் பெயரும் வீட்டில் ஏதாவது காகிதத்தில் இருந்தால் அந்தக் கப்பலைப் பிடிக்கலாம். இன்னொன்று: 1915இல் கமரானைப் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டார்கள். அவர் போனது அதற்குப் பிறகு என்றால் துருக்கி ஏடுகளில் தேடுவது வீண்.

டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் என்ற பெயர் கண்ணில் பட்டால் நின்று வாசியுங்கள். வங்காள மருத்துவப் பணியைச் சேர்ந்தவர். ஹாஜிகளோடு போய் அறிக்கை எழுத அனுப்பப்பட்டு, பிறகு ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதரானார். இந்திய ஹாஜிகள் எப்படிப் பயணம் செய்தார்கள், எங்கே ஏமாற்றப்பட்டார்கள் என்று விவரமாக எழுதினார். 1895இல் ஜித்தாவுக்கு வெளியே நடந்த தாக்குதலில் பதுவீன்கள் (பாலைவன நாடோடி அரபுகள்) அவரைக் கொன்றார்கள். அதே நாட்களில் கிருமிநீக்க இயந்திரத்தின் மீதும் மக்கள் பாய்ந்தார்கள். சுகாதாரம் என்ற பெயரில் வந்த எல்லாவற்றின் மீதும் அவ்வளவு கோபம் இருந்தது. எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் அந்தக் கோபத்துக்குப் பத்தி கிடையாது.

காயல்காற்று எழுதியது:

ஜஸாகல்லாஹ். ஆண்டை விசாரிக்கிறேன். பெரியம்மாவிடம் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது, அதை யாரும் திறக்க விடமாட்டார்கள். பார்ப்போம்.

பெய்ரூத்வாசி எழுதியது:

நான் இலங்கை. இங்கே பெய்ரூத்தில் வேலை. இந்த ஊரைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

ஹஸ்மியே மேட்டில் அஸ்ஃபூரியே என்று ஒரு பழைய மனநல மருத்துவமனை வளாகம் இருக்கிறது. தியோஃபில் வால்ட்மையர் என்ற சுவிஸ் குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மிஷனரி பணம் திரட்டித் தொடங்க, 1900இல் நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 1982இல் மூடிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது கிறுக்குத்தனமாகப் பேசினால் 'அஸ்ஃபூரியே' என்பார்கள். நம்மாட்கள் கீழ்ப்பாக்கம் என்று சொல்வது போலத்தான். அதன் ஏடுகள் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

ஏடுதேடி சொன்ன சுல்தான் ஆல்பம் கதை இங்கே வேறு உருவத்தில் நடந்தது. அஸ்ஃபூரியேயின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில், லண்டனிலும் மற்ற நாடுகளிலும் இருக்கும் நன்கொடையாளர்களுக்காக. அதனால் ஒவ்வொரு அறிக்கையிலும் பழைய முறையில் குகையில் கட்டிப்போட்டு, பேய் ஓட்டுகிறேன் என்று அடித்த கதை ஒன்று வரும். அப்புறம் அதே ஆள் மருத்துவமனைக்கு வந்து அமைதியான கதை. பொய் என்று சொல்லவில்லை. லெபனான் மலையில் கொஸ்ஹாயா மடத்துக் குகையில் மனநோயாளிகளைச் சங்கிலியில் வைத்தது உண்மைதான். ஆனால் பணம் அனுப்புகிறவருக்குப் பிடித்த கதைதான் அச்சில் ஏறுகிறது. சுல்தானுக்கு அனுப்பினாலும் லண்டனுக்கு அனுப்பினாலும் இதே கதை.

இன்னொன்று. இஸ்தான்புல் என்றால் உதுமானிய எழுத்தில் உள்ள ஏடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கிரேக்கர்களுக்கு பாலிக்லி மருத்துவமனை, 18ஆம் நூற்றாண்டிலிருந்தே. ஆர்மேனியர்களுக்கு யெதிகுலேயில் சுர்ப் பர்கிச், 1830களில். யூதர்களுக்கு பாலாத்தில் ஓர் அஹாயிம், 1898இல். ஒவ்வொன்றும் அவரவர் மொழியில் கணக்கு எழுதின. சுர்ப் பர்கிச் ஆர்மேனிய மொழியில் ஆண்டு மலரே வெளியிட்டது. அரசு ஏட்டை மட்டும் பார்த்துவிட்டு 'இஸ்தான்புல் நோயாளிகள்' என்று எழுதினால் ஊரில் பாதிப் பேரை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

பொடிமட்டை எழுதியது:

சரி சரி, எல்லாக் கணக்கும் ஓட்டை என்று நிரூபித்துவிட்டீர்கள். நான் எதிர்க்கட்சி, அதனால் ஒன்று சொல்கிறேன். எண்ணை விடுங்கள், வரியை எடுங்கள்.

1897 கிரேக்கப் போர். ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இஸ்தான்புல் மருத்துவப் பள்ளியில் எசாத் ஃபெய்ஸி என்ற இளைஞரும் ரிஃபாத் ஒஸ்மானும் தாங்களே கருவியைப் பூட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யில்திஸ் ராணுவ மருத்துவமனைக்குக் காயம்பட்டவர்கள் வந்தபோது கருவியை அங்கே கொண்டுபோனார்கள். அப்படி எடுத்த முதல் படங்களில் ஒன்று பொயாபாத்தைச் சேர்ந்த மெஹ்மெத் என்ற சிப்பாயின் மணிக்கட்டு. உள்ளே குண்டுச் சில்லு. படத்தைப் பார்த்து அறுத்து எடுத்தார்கள்.

ஊர் பேர் தெரியாத ஒரு சிப்பாய், பொயாபாத்காரன் மெஹ்மெத், இன்றைக்கும் மருத்துவ வரலாற்றில் இருக்கிறான். இந்த ஒரு வரிக்கு முன்னால் உங்கள் சதவீதக் கணக்கெல்லாம் என்ன? ஏடுகளில் இப்படி ஆயிரம் மெஹ்மெத்கள் கிடப்பார்கள்.

ஏடுதேடி எழுதியது:

கிடப்பார்கள்தான். பிரச்சினையும் அதுவேதான். துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் 1934இல்தான் வந்தது. அதற்கு முன் ஏட்டில் ஒரு ஆள் என்றால் பெயர், தகப்பன் பெயர், ஊர். அலி மகன் மெஹ்மெத், கஸ்தமோனு. ஒரே வார்டில் இப்படி மூன்று பேர் இருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆனவனும் அடுத்த மாதம் திரும்பி வந்தவனும் ஒரே ஆளா என்று தெரியாது. உங்கள் மெஹ்மெத் நிலைத்தது அவன் கையைப் படமெடுத்தவர்கள் எழுதிவைத்ததால். பதிவேட்டின் புண்ணியம் அல்ல.

ஆனால் உங்கள் பேச்சில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கஸ்தமோனு என்றதும் நினைவு வருகிறது. அந்தப் பக்கம் சிபிலிஸ் பரவியிருந்தது என்று ஜெர்மன் மருத்துவர் ஃபோன் ட்யூரிங்கை வைத்து 1890களில் பெரிய இயக்கமே நடத்தினார்கள், தனி மருத்துவமனைகள் கட்டினார்கள். மருத்துவர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். வீட்டில் படுத்திருந்தவர்களும், பெண்களும், எந்த மருத்துவமனைக்கும் போகாதவர்களும் அதனால்தான் ஏட்டில் ஏறினார்கள். அரசுக்கு அங்கே சிப்பாய் பற்றிய கவலை. ஊர் நோயுற்றால் படைக்கு ஆள் வராது. காரணம் எதுவாக இருந்தாலும், நான் பார்த்தவற்றில் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்த கணக்கு அதுதான்.

இரவுப்பணி எழுதியது:

போர்க்காலத்தைத் தொடாமல் இந்த இழை முடியாது, தொடுகிறேன்.

1914 டிசம்பரில் ரஷ்ய எல்லைப் பக்கம் சரிகாமிஷ் பனியில் உதுமானிய மூன்றாம் படை சிதறியது. அந்தக் குளிரிலேயே எர்ஸுரூமில் டைபஸ். படைத்தலைவர் ஹாஃபிஸ் ஹக்கி பாஷாவே 1915 பிப்ரவரியில் டைபஸில் இறந்தார். மருத்துவர்களும் வரிசையாகச் செத்தார்கள். போர் முழுக்க உதுமானியப் படையில் நோயால் இறந்தவர்கள் 4,66,000க்கு மேல் என்று ராணுவக் கணக்குகளை வைத்துச் சொல்கிறார்கள். குண்டுபட்டும் காயம்பட்டும் இறந்தவர்களைவிட அதிகம். இதிலும் நான் முன்பு சொன்ன காற்று மாற்ற விடுப்புக்காரர்கள் எத்தனை பேர் விடுபட்டார்களோ.

டைபஸுக்கு அப்போது தடுப்பூசி இல்லை. நோயாளியின் ரத்தத்தை எடுத்துச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்து மற்றவர்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். தெவ்ஃபீக் சாலிம் 1915இல் எர்ஸுரூம் பக்கம் இதைச் செய்தார். துருக்கிய மருத்துவ வரலாற்றில் இது பெருமையான பக்கம். அதற்கு ஒட்டினாற்போல் இன்னொரு பக்கம் இருக்கிறது. எர்சிஞ்சானில் ஹம்தி சுவாத் இதே முறையில் செய்த சோதனைகளின் முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டார். போர் முடிந்ததும், 1918 கடைசியில், ஹைதர் ஜெமால் என்ற ராணுவ மருத்துவர் இஸ்தான்புல் நாளிதழ் ஒன்றில் பகிரங்கமாக எழுதினார்: நாடு கடத்தப்படக் காத்திருந்த ஆர்மேனியர்களுக்கு டைபஸ் நோயாளிகளின் ரத்தத்தைச் செயலிழக்கச் செய்யாமலே செலுத்தினார்கள், பலர் செத்தார்கள் என்று. எழுதியவர் வெளியார் இல்லை, அதே துறைக்காரர்.

மருத்துவ ஏட்டில் சோதனைக்கு உட்பட்டவர் ஓர் எண். அவர் எந்த மதம், தானாக வந்தாரா, கொண்டுவரப்பட்டாரா என்று கேட்க அட்டவணையில் இடமில்லை. அதைச் சொல்லக் கூடப் பணியாற்றிய ஒருவர் நாளிதழுக்கு எழுத வேண்டியிருந்தது. ஏட்டோடு கூடவே கடிதம், நாளிதழ், நீதிமன்ற விசாரணை எல்லாவற்றையும் வைத்துப் பார்க்காத மருத்துவ வரலாற்றை நான் நம்பமாட்டேன்.

பொடிமட்டை எழுதியது:

இதற்கு எதிர்க்கட்சி இல்லை டாக்டர்.

காயல்காற்று எழுதியது:

ஒரு துணைச்செய்தி. 1912 பால்கன் போரின்போது டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி தலைமையில் இந்தியாவிலிருந்து மருத்துவக் குழு துருக்கிக்குப் போயிற்று. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் மௌலானா முகமது அலியின் 'காம்ரேட்' இதழில் வந்தன. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அதே அன்சாரிதான். செம்பிறைச் சங்கத்தின் பழைய ஆவணங்களில் இந்தக் குழுவைப் பற்றி இருக்கும் என்று நினைக்கிறேன். இரவுப்பணி சொன்ன மாதிரி கடிதத்தையும் ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இது நல்ல இடம்.

ஏடுதேடி எழுதியது:

நல்ல யோசனை. அன்சாரி கடிதங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள்: 'எதைத்தான் நம்பலாம்?' என்னைக் கேட்டால், மருத்துவமனை வாங்கிய சாமான் கணக்கை. இறைச்சி, அரிசி, விறகு, பனிக்கட்டி, கொய்னா (மலேரியாவுக்குக் கொடுக்கும் மருந்து), அட்டை. ஆமாம், ரத்தம் உறிஞ்ச வைக்கும் அட்டைதான். அதைப் பிடிக்கிற உரிமையையே அரசு குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்த நாடு அது. நோயின் பெயரை எப்படி எழுதினாலும் கேட்க ஆளில்லை. கொய்னாவுக்குக் காசு கூடுதலாகப் போனால் மேலே இருப்பவன் ஏன் என்று கேட்பான். அங்கேயும் திருட்டு உண்டு, ஆனால் அந்தத் திருட்டைப் பற்றி விசாரணைக் காகிதமும் உண்டு. காய்ச்சல் பத்தியையும் கொய்னாச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த மாதத்துக் காய்ச்சல் மலேரியா என்று ஓரளவு பிடிபடும். இஸ்மிர் பக்கத்துக் கணக்கு ஒன்றில் இதைச் செய்துபார்க்கலாம் என்று இருக்கிறேன்.

நாட்காட்டிப்பித்தன் எழுதியது:

செய்யுங்கள். ஆனால் அட்டவணையைப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள். காய்ச்சல் பத்தி மாதவாரியாக ரூமியில் இருக்கும், வக்ஃப் செலவுக் கணக்கு சில சமயம் ஹிஜ்ரியில் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு பதினொரு நாள் குறைவு. மூன்று ஆண்டு போனால் ஒரு மாதம் தள்ளிப்போய், ஆகஸ்ட் காய்ச்சலுக்கு ஜூலைக் கொய்னாவைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.